இஸ்ரோ ஆய்வு நிதி: கூட்டாளியை எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி:

தென் மாவட்டம் ஒன்றில் தனியார் பொறியியல் கல்லூரியில், இயந்திரவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கார்பன் ஃபைபர் கம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்) தகடுகள் கடுங்குளிரில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் முனைவர் பட்டம் பெற்றேன். எங்கள் ஆய்வகத்தில் இழுவிசைச் சோதனை இயந்திரம், வேக்கம் பேக் வசதி, நல்ல நுண்ணோக்கி இருக்கின்றன. திரவ நைட்ரஜன் வாரம் ஒருமுறை வரும். கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஆய்வு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டத்தில் நிதி கேட்க ஆசை. அதற்கு இஸ்ரோவுக்குள் ஒரு கூட்டாளி வேண்டும் என்கிறார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. இஸ்ரோவின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரி எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே யாரையும் தெரியாது. ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராகப் போட்டால் எளிதில் கிடைக்கும் என்று துறைத் தலைவர் சொல்கிறார். ஒரு ஸ்டார்ட்அப் சேர விரும்புகிறது. ஜெர்மனியில் இருக்கும் நண்பர் ஐரோப்பிய நிதிக்கு வா என்கிறார். இதற்கிடையில் ஒருவர், பணம் கொடுத்தால் அனுமதி வாங்கித் தருவதாகப் பேசுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலை முதலில் படித்தேன். பத்தாண்டு அனுபவம், கட்டுரைகளின் எண்ணிக்கை, கல்லூரியின் தரவரிசை, கடைசியில் "தங்களோடு இணைந்து பணியாற்ற விரும்புகிறேன்." நாற்பது பேருக்கும் அதே கடிதம். அதைப் பெறும் விஞ்ஞானியின் இடத்தில் இருந்து பாருங்கள். பதில் எழுத வேண்டுமானால் உங்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அடுத்த வாரம் சோதனை, அதற்கடுத்த வாரம் ரிவியூ என்று ஓடுகிறவருக்கு அதற்கு நேரமில்லை. உங்கள் தகுதியை அவர்கள் நிராகரித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொல்வதற்கு அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

நிதி கேட்டு எழுதும் ஆய்வுக் கருத்துருக்களை மதிப்பிடும் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கூட்டாளிகள் பட்டியலைப் பார்த்ததும் எங்களுக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த நபரை எடுத்துவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? பதில் தெளிவாக இருந்தால் அவர் கூட்டாளி. எதுவும் நிற்காது என்றால் அந்தப் பெயர் அலங்காரம், அது கருத்துருவுக்குப் பலவீனமும்கூட. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

தேடலை ஆளிடமிருந்து தொடங்காமல் சிக்கலிடமிருந்து தொடங்குங்கள். ரெஸ்பாண்ட் திட்டம் 1970-களிலிருந்து நடக்கிறது. ரெஸ்பாண்ட் பாஸ்கெட் என்ற பெயரில் தனக்குத் தேவையான ஆய்வுத் தலைப்புகளை இஸ்ரோ தொகுத்து வெளியிடுகிறது. பலர் தலைப்பை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே போய்ப் படியுங்கள். இது எந்த மையத்தின் தேவை, சிக்கல் என்ன, முடிவில் என்ன கையில் வர வேண்டும் என்பதெல்லாம் தலைப்பு வாரியாக இருக்கும். அந்த மையத்தின் சார்பில் இணை ஆய்வாளராக இருக்கப்போகிறவரின் பெயரும் இருக்கும். நீங்கள் தேடி அலைகிற ஆளை அவர்களே அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். உங்கள் திறமைக்கு நெருங்கிய இரண்டு மூன்று தலைப்புகளைப் பிடித்து, அவற்றுக்குரியவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். நடைமுறைச் சந்தேகங்களுக்கு, பெங்களூரு தலைமையகத்தில் உள்ள திறன் மேம்பாட்டுத் திட்ட அலுவலகம்தான் ரெஸ்பாண்டைக் கவனிக்கிறது. தென் மாநிலங்களுக்கான மண்டலக் கல்வி மையம் சூரத்கல் என்.ஐ.டி.யில் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

மகேந்திரகிரி பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பதால் அதுதான் வாசல் என்று நினைத்துவிட்டீர்கள். அங்கே முக்கியமாக நடப்பது ராக்கெட்டின் எஞ்சின்களையும் அடுக்கு நிலைகளையும் ஒருங்கிணைத்துச் சோதிப்பது. ராக்கெட்டின் கம்போசிட் எரிபொருள் தொட்டியை எந்தப் பொருளில், எத்தனை அடுக்கில் செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். ஏவுகலக் கட்டமைப்புக்கு விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், அதன் கம்போசிட் பிரிவு வட்டியூர்க்காவில். திரவ உந்துவிசைக்கு வலியமலையில் உள்ள எல்.பி.எஸ்.சி. மையம். உங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் அதுவும் தூரமில்லை. இந்தச் சிக்கலால் யாருக்குத் தூக்கம் கெடுகிறதோ அந்த மையத்தைத் தேடுங்கள். தூரம் இரண்டாம் பட்சம்.

இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருகிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கருத்துரு வரைவின் தலைப்பில், ராக்கெட் தொட்டிகளில் நிரப்பும் திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன், மீத்தேன் மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்தால் பெரிதாகத் தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உங்களிடம் இருக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196-க்குக் கீழே இறங்காது. ஆக, ஹைட்ரஜன் என்று எழுதிய அந்த நொடியே ஹீலியம் கிரையோஸ்டாட் (கடுங்குளிரைத் தக்கவைக்கும் கருவி), அதை இயக்கத் தெரிந்தவர், ஒரு பெரிய நிறுவனம் என்று உங்களிடம் இல்லாத மூன்று வந்து சேர்ந்துவிட்டன. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. குளிர் உங்கள் எல்லைக்குள்தான், ஆனால் திரவ ஆக்சிஜனும் தகட்டில் உள்ள பாலிமர் பிசினும் தொடும் இடத்தில் சிறிய அதிர்ச்சியிலும் தீப்பற்றும் ஆபத்து உண்டு. அதற்குத் தனிச் சோதனைகளும் தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். கல்லூரி வளாகத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மிஞ்சுவது மீத்தேன். ஏறக்குறைய மைனஸ் 162 டிகிரி. திரவ நைட்ரஜனில் முக்கி எடுக்கும் உங்கள் சோதனை அதைவிடக் கடுமையானது. எனவே நைட்ரஜனில் தாக்குப்பிடித்த தகடு மீத்தேன் வெப்பநிலையிலும் தாக்குப்பிடிக்கும் என்று நியாயமாக வாதிடலாம். மீத்தேனையே நீங்கள் தொட வேண்டியதில்லை. காலமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அடுத்த தலைமுறை ஏவுகலம், 8,240 கோடி ரூபாய்த் திட்டம், கீழ்நிலைகளில் மீத்தேனையும் ஆக்சிஜனையும் எரிபொருள் இணையாகக் கொண்டது. அதன் முதல் நிலை மீண்டும் பயன்படும் வகையில் திட்டமிடப்பட்டிருக்கிறது. மீண்டும் பயன்படுத்துவது என்றால் தொட்டி திரும்பத் திரும்பக் குளிர்ந்து திரும்பத் திரும்பச் சூடாகும். இருபதாவது தடவையில் விரிசல் எங்கே தொடங்குகிறது, எந்த அடுக்கில் ஓடுகிறது என்ற கேள்விக்கு மதிப்பு வருவது இதனால்தான். நீங்கள் முனைவர் பட்டத்துக்குச் செய்ததே அதைத்தானே?

விரிசலின் காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார்பன் இழை நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, இழைகளைப் பிணைக்கும் எபாக்ஸி பிசின் நன்றாகச் சுருங்கும், இரண்டும் ஒட்டியிருப்பதால் எபாக்ஸி கிழிகிறது. ஆனால் அது எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதைக் கருத்துருவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். மீண்டும் பயன்படும் விண்கலத்துக்கான அமெரிக்காவின் எக்ஸ்-33 திட்டத்தில் கம்போசிட் ஹைட்ரஜன் தொட்டி 1999 நவம்பரில் சோதனையின்போது பழுதானது. நுண்விரிசல்கள் வழியாக வாயு தொட்டிச் சுவரின் தேன்கூட்டு அடுக்குக்குள் புகுந்து, தொட்டி மீண்டும் சூடாகும்போது அங்கே அழுத்தம் ஏறியது முக்கியக் காரணம். 2001-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசலை எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சிறிய நிறுவனம் பெரிய திட்டத்துக்குள் நுழைந்ததற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, நிலவின் மேட்டு நிலத்து மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் செலவு தாங்காது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் அனார்த்தோசைட் என்ற பாறை இருக்கிறது, நிலவின் மேட்டு நிலப் பாறைக்கு மிக நெருக்கமானது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்களுக்கு அந்தப் பாறை அத்துப்படி. இஸ்ரோவின் பெங்களூரு செயற்கைக்கோள் மையம், திருச்சி என்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றோடு பெரியார் பல்கலைக்கழகமும் அந்த வேலையில் பங்குபெற்றது. மாநிலப் பல்கலைக்கழகம், பெரிய விண்வெளி ஆய்வகம் எதுவும் கிடையாது. பாறையைத் தெரிந்த அவர்களை விட்டுவிட்டு அந்த வேலையை யோசித்துப் பாருங்கள், நான் மேலே சொன்ன கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது, குளிரில் முக்கியெடுத்த தகட்டை வெட்டி, மெருகேற்றி, விரிசலை அடுக்கடுக்காக எண்ணும் பழக்கம். பெரிய மையங்களில் இதற்குக் கருவி இருக்கலாம், உட்கார்ந்து எண்ண ஆள் நேரம் கிடைக்காது.

உங்களிடம் இல்லாதது கசிவு அளவீடு. விரிசலை எண்ணுவதோடு நின்றால் வடிவமைப்பாளருக்குப் பாதி விடைதான் கிடைக்கும். இத்தனை விரிசலுக்கு இவ்வளவு வாயு ஊடுருவுகிறது என்ற தொடர்பைத்தான் அவர் கேட்பார். ஹீலியம் வாயுவை ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கம் கசிவுமானியால் அளக்க வேண்டும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கருவி மட்டும் போதும் என்றால் கூட்டாளி தேவையில்லை, கட்டணம் செலுத்தி அளந்துகொள்ளலாம். நாடு முழுவதும் அரசு நிதியில் வாங்கிய ஆய்வுக் கருவிகளைப் பிறரும் பயன்படுத்த ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் இருக்கிறது, முதலில் அங்கே தேடுங்கள். அந்தக் கட்டணத்தைப் பட்ஜெட்டில் ஒரு வரியாகக் காட்டினால் போதும். ஆனால் குளிர்நிலையிலேயே, தகட்டை இழுத்துப் பிடித்தபடி கசிவை அளக்க வேண்டும் என்றால் அதற்கு அமைப்பையே புதிதாக உருவாக்கத் தெரிந்த ஒரு மூளை வேண்டும். அப்படிப்பட்டவரைத்தான் கூட்டாளி என்று அழைக்க வேண்டும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக்ஸுக்கென்றே (கடுங்குளிர்த் தொழில்நுட்பம்) தனி மையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் கசிவு பற்றிக் கட்டுரை எழுதியவர்களைத் தேடி, அவர்கள் எழுதியதில் இரண்டையாவது படித்த பிறகு எழுதுங்கள். படித்திருக்கிறீர்களா இல்லையா என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

துறைத் தலைவர் சொன்ன ஐ.ஐ.டி. பேராசிரியர் விஷயத்துக்கும் இதே அளவுகோல்தான். அவர் கசிவு அமைப்பை உருவாக்கித் தருவார் என்றால் இணை ஆய்வாளராக மகிழ்ச்சியோடு சேருங்கள். பெயருக்காக அவரை முதன்மை ஆய்வாளராக வைத்தால் நிதி அவர் நிறுவனத்துக்குப் போகும், கருவி அங்கே போகும், திட்டத்தில் உதவித்தொகை பெறும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு மாணவரும் அங்கே உட்காருவார். வேலை உங்களுடையது, பெயரும் பொறுப்பும் அவருடையது என்ற கசப்பு இரண்டாம் ஆண்டில் வரும். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்பக் குழுமம் வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது. அங்குள்ளவர்களுக்கு இஸ்ரோவோடு பேச வேறு வழி இருக்கிறது. ரெஸ்பாண்ட் உங்களைப் போன்றவர்களுக்காகவும் திறந்திருக்கும் வழி, அதை நீங்களே விட்டுக்கொடுக்காதீர்கள். துறைத் தலைவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அவரிடம் கோபம் வேண்டாம். பட்ஜெட் எங்கே போகும் என்ற கணக்கை மட்டும் எழுதிக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

ஸ்டார்ட்அப் என்றால் கவனமாக இருங்கள். ரெஸ்பாண்ட் நிதி கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. அந்த நிறுவனம் தகடு செய்து தருவதானால் அது விற்பனையாளர். கூட்டாளியாகவும் கையெழுத்திட்டு, அதே திட்டப் பணத்தில் உங்களுக்குப் பொருளும் விற்றால் தணிக்கையில் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், தனியார் நிறுவனங்களுக்கென்றே அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ் அமைப்பின் வழி அவர்கள் தனியே விண்ணப்பிக்கலாம். பி.எஸ்.எல்.வி.யின் கடைசி நிலையைச் சுற்றுப்பாதையில் சோதனை மேடையாக்கும் போயம் ஏற்பாட்டில் நிறுவனங்களும் கல்லூரிகளும் கருவி அனுப்பியிருக்கின்றன. 2024 டிசம்பர் 30 அன்று போன போயம்-4-இல் மட்டும் 24 கருவிகள். ஆனால் உங்கள் கேள்விக்கு விண்வெளிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, தரையிலேயே விடை கிடைக்கும்.

ஜெர்மனி நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியான ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் பொதுவாகக் குறைந்தது மூன்று வெவ்வேறு உறுப்பு அல்லது இணைந்த நாடுகளின் மூன்று நிறுவனங்கள் வேண்டும், இந்திய நிறுவனத்துக்கு அதிலிருந்து தானாக நிதி வராது. நம் செலவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் திட்டத்துக்கு இது வேண்டாம்.

பணம் கேட்கிறவரை இன்றே துண்டியுங்கள். அனுமதி வாங்கித் தரும் அதிகாரம் வெளியாள் எவருக்கும் கிடையாது. அப்படி ஒருவரின் பெயரோடு உங்கள் பெயர் சேர்ந்து அடிபட்டாலே போதும், நீங்கள் இதுவரை சேர்த்த நற்பெயர் போய்விடும். கல்லூரி நிர்வாகத்தில் யாராவது ஆர்வம் காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். புதிதாக எழுதும்போது இந்த மாதிரி இருக்கட்டும்: "உங்கள் பட்டியலில் உள்ள இந்தத் தலைப்பில் இரண்டாவது நோக்கம் பற்றி எழுதுகிறேன். கார்பன்–எபாக்ஸி தகடுகளைத் திரவ நைட்ரஜனில் மீண்டும் மீண்டும் முக்கியெடுத்து, விரிசல் எந்த அடுக்கில் தொடங்குகிறது என்று எண்ணியிருக்கிறோம். ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் அடுக்கு வரிசை இதிலிருந்து வேறுபட்டால், எந்த வரிசையில் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? கசிவு அளவீடு எங்களிடம் இல்லை, அதற்கு இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்." அவ்வளவுதான். பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும் என்கிற ஒரு கேள்வி அதில் இருக்கிறது, எது உங்களிடம் இல்லை என்ற நேர்மையும் இருக்கிறது. பதிலில் சில விவரங்களைச் சொல்ல முடியாது என்று அவர் எழுதினால் வற்புறுத்த வேண்டாம். பொதுவெளியில் கட்டுரைகளாக வந்திருக்கும் அடுக்கு வரிசைகளைக் கொண்டே தொடங்கலாம். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

பேச்சு கூடிவந்த பிறகு, கருத்துருவை எழுதும் முன், ஒரே ஒரு பக்கத்தில் ஒப்பந்தக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். யார் எந்தத் தகட்டை எப்போது தருவது, யார் அளப்பது, ஜே.ஆர்.எஃப். எங்கே இருப்பார், காரக்பூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்வரும் செலவு யாருடைய பட்ஜெட்டில், கருவி பழுதானால் யார் பார்ப்பது. கட்டுரை எழுதும்போது பெயர் வரிசை என்ன, இஸ்ரோ தரப்பின் இசைவு பெற்ற பிறகே அனுப்புவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பணம் ஆண்டுதோறும் தவணையாக வரும். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் போகாமல் அடுத்தது வராது. ஒரு கூட்டாளியின் கணக்குப் பிரிவு தாமதித்தால் உங்கள் மாணவரின் உதவித்தொகை நிற்கும். அதனால் அங்குள்ள கணக்கு அலுவலரின் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை.

கூட்டாளிகள் கூடக்கூட இந்த வேலை பெருகும். 2010 ஜூலை 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-15-இல் சென்ற ஸ்டுட்சாட் செயற்கைக்கோளை பெங்களூரு, ஹைதராபாத் பகுதிகளைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகள் சேர்ந்து செய்தன. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. ஏழு கல்லூரி மாணவர்களை ஒரே பொருளில் இணைத்தது பெரிய சாதனைதான். பெங்களூரு நிட்டே மீனாட்சி கல்லூரி முன்னின்று நடத்தியதும், தரைநிலையத்தை அங்கேயே அமைத்ததும்தான் அந்த வேலையைச் சிதறாமல் காத்தது. உங்கள் வேலைக்கு இஸ்ரோ தரப்பில் ஒருவர், கசிவுக்கு ஒருவர், நீங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை.

இந்த மாதத்துக்குள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு வரைவை மீத்தேனுக்குச் சுருக்குங்கள். கையில் இருக்கும் தரவில் மிகத் தெளிவான ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். கசிவு அளவீட்டைக் கட்டணத்தில் முடிப்பதா, கூட்டாளியோடு செய்வதா என்று முடிவானதும் அந்தப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள். படித்து, குழுவில் என்ன கேட்பார்கள் என்று எழுதுகிறேன்.